ராமநாதபுரம் கடற்கரையில் அரசவால் ஈப்பிடிப்பானைத் தேடிப் பார்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம் கடற்கரைக்குப் பறவை பார்க்க வருகிறவர்களின் கண் பெரும்பாலும் தண்ணீர் மேலேயே இருக்கும். தனுஷ்கோடிச் சேற்றில் பூநாரை, மண்டபத்துக் கரையில் ஆலா, வாலிநோக்கம் உப்பளத்துப் பக்கம் உள்ளான் கூட்டம். முதுகுக்குப் பின்னால் நிற்கும் தோப்பைத் திரும்பிப் பார்க்கிறவர்கள் குறைவு. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை அந்தத் தோப்புகளுக்குள் காட்டுப் பறவைகள் சில வந்து போகும். அவற்றில் என் மனதுக்கு மிகவும் பிடித்தது அரசவால் ஈப்பிடிப்பான். மத்தியப் பிரதேசத்தின் மாநிலப் பறவையாக இருப்பதும் இதுதான்.

இதைத் தேடிப்போய் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் பலரும் படத்தில் பார்த்த நீளமான வெள்ளை வாலைத்தான் தேடியிருப்பார்கள். பெண் பறவைக்கு அந்த வால் கிடையாது. ஆணுக்கும் முதல் ஒன்றிரண்டு வருடம் குட்டை வால்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால், கண்ணில் படும் பறவைகளில் பாதிக்கு மேல் நீள வால் இல்லாமல்தான் இருக்கும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்லப்போவது இதைத்தான்: முதலில் நிழலைத் தேடுங்கள், அப்புறம் தலையைப் பாருங்கள். வால் கடைசியில் வரட்டும்.

எந்த மாதம், எந்தக் காற்று

இந்தப் பறவை நம் கடற்கரையில் கூடு கட்டுவதில்லை. இமயமலைச் சாரலிலும், மத்திய இந்தியாவிலும், தென்னிந்தியாவில் சில காட்டுப் பகுதிகளிலும் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே இறங்கும். ஒரு பகுதி இலங்கை வரைக்கும் போகும். முதிர்ந்த ஆண் செம்பழுப்பிலும் வரும், வெள்ளையிலும் வரும். ஆனால் இலங்கையிலேயே நிரந்தரமாக வாழும் துணையினத்தில் வெள்ளை நிற ஆண் கிடையாது. அங்கே குளிர்காலத்தில் தென்படும் வெள்ளை ஆண் பறவைகள் இந்தியாவிலிருந்து கடலைத் தாண்டிப் போனவை. தனுஷ்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடல் சுமார் 30 கிலோமீட்டர்தான். இருபது கிராம் சொச்சம் எடையுள்ள ஒரு குருவி அவ்வளவு தண்ணீரைத் தாண்டுகிறது என்பதை நினைத்தாலே எனக்கு வியப்பு அடங்காது.

புரட்டாசிக் கடைசியிலிருந்தே கண் வைக்கலாம். நம் மாவட்டத்துக்கு மழை என்றால் முக்கியமாக வடகிழக்குப் பருவமழைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாயும் ஊரணியும் நிறைந்து, தோப்புக்குள் பூச்சி பெருகும். மழை ஓய்ந்து வெயில் எட்டிப்பார்க்கும் மார்கழி, தை மாதங்கள் புதிதாகத் தேடுகிறவர்களுக்குத் தோதானவை. பங்குனியில் பறவைகள் வடக்கே கிளம்பும். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழும்பும் நேரத்துக்கு இங்கே பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

தினசரிக் காற்றையும் கவனியுங்கள். வாடை பலமாக வீசும் நாளில் பறக்கும் பூச்சிகள் காற்று படாத பக்கத்தில்தான் ஒதுங்கும். பூச்சி எங்கேயோ அங்கேதான் ஈப்பிடிப்பான். வாடை வடகிழக்கிலிருந்து வருவதால் தோப்பின் தென்மேற்கு ஓரத்திலிருந்து தேடத் தொடங்குங்கள். கடலை ஒட்டிய முதல் வரிசை மரங்களில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இடம் பிடிப்பது

பாதி வேலை இதில்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

அரசவால் ஈப்பிடிப்பான் பறந்து பறந்து பூச்சி பிடிக்கும் பறவை. ஆனால் கரிச்சானைப் போல மின்கம்பியில் உட்கார்ந்து வெட்டவெளியில் பாய்வது இதற்குப் பழக்கமில்லை. மேலே இலைகள் கூடி அடர்ந்த நிழல் வேண்டும். கீழே கொஞ்சம் புதரும் சருகும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே இறக்கை விரித்துத் திரும்ப வெற்றிடம் வேண்டும். பக்கத்தில் எங்காவது தேங்கிய தண்ணீர் வேண்டும். இந்த நான்கும் சேர்ந்த இடம் நம் வறண்ட கரையில் அபூர்வம். அதுதான் நமக்கு வசதி, தேட வேண்டிய இடங்கள் தாமாகவே குறைந்துவிடும்.

சீமைக்கருவேலங்காட்டைத் தாண்டிப் போய்விடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் பச்சைப் பசேலென்று இருக்கும். ஆனால் தரையிலிருந்து மேல்வரை முள் பின்னிக் கிடப்பதால் இந்தப் பறவை சுழன்று வேட்டையாட இடம் இருக்காது. சவுக்குத் தோப்பிலும் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். சாயல்குடிப் பக்கத்துப் பனங்காடு எனக்கு மிகவும் பிடித்த நிலம், ஆனால் இந்தப் பறவைக்கு அங்கே நிழல் போதாது.

தென்னந்தோப்பிலும் வித்தியாசம் உண்டு. கூட்டிப் பெருக்கி, உழுது, மருந்தடித்து வைத்திருக்கும் தோப்பில் பூச்சியே இருக்காது. தென்னைக்கு நடுவே மா, புளி, வேம்பு, பூவரசு என்று கலந்து நிற்க, மட்டையும் சருகும் அள்ளாமல் கிடக்க, ஒரு மூலையில் கிணறும் தொட்டியும் இருந்தால் அங்கே உட்கார்ந்துவிடுங்கள். பாம்பன் தீவில் தங்கச்சிமடம், அக்காள்மடம் பக்கம் இப்படிப்பட்ட தோப்புகள் உண்டு. மண்டபத்திலிருந்து உச்சிப்புளி வழியாக ராமநாதபுரம் வரும் சாலையின் இரு பக்கமும், பெரியபட்டினம், கீழக்கரைப் பக்கத்துத் தோப்புகளும் தேடிப் பார்க்க வேண்டியவை. பாக் நீரிணைப் பக்கம் தேவிபட்டினம், தொண்டியை ஒட்டிய ஊர்களில் ஊரணிக் கரை ஆலமரங்களையும் அய்யனார் கோயில் மரக்கூட்டங்களையும் விட்டுவிடாதீர்கள். கோயில் மரத்தில் யாரும் கை வைப்பதில்லை என்பதால் அங்கே பழைய நிழல் அப்படியே இருக்கும்.

காஞ்சிரங்குளம், சித்திரங்குடி சரணாலயங்களுக்குப் போகிறவர்கள் கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக்கருவேல மரங்களையே பார்ப்பார்கள். அவற்றின் மேல் நாரைகள் கூடு கட்டியிருக்கும் காலம் அது, அங்கே கிட்டப் போகக் கூடாது. நமக்கு வேண்டியது வெளிக்கரையில், ஊர்ப்பக்கம் நிற்கும் புளியும் ஆலும்தான்.

எடுத்துக்கொண்டு போக வேண்டியவை

இருநோக்கி வாங்கப் போகிறீர்கள் என்றால் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முகப்பு வில்லை 42 மி.மீ.) போதும். பத்து மடங்கு வாங்கினால் பெரிதாகத் தெரியும், உண்மைதான். ஆனால் பார்வைப் பரப்பு குறுகிவிடும், கை நடுக்கமும் கூடும். இருட்டான தோப்பில் ஓரிடத்தில் நிற்காமல் துள்ளும் பறவைக்கு எட்டு மடங்கே சரி. மூடிய காலணி கட்டாயம். சருகுக்குள் சுருட்டை விரியன் கிடக்கலாம், கருவேல முள் ரப்பர்ச் செருப்பைத் துளைத்து ஏறிவிடும். பச்சை, காக்கி, மங்கிய நீலம் என்று ஏதாவது உடுத்துங்கள், வெள்ளைச் சட்டை வேண்டாம். தண்ணீரும் ஒரு சின்ன நோட்டும் இருந்தால் போதும்.

உள்ளே போகும் முன்

தோப்பு எல்லாம் யாரோ ஒருவருடையது. வேலியைத் தாண்டாமல், காவல்காரரையோ தண்ணீர் பாய்ச்சுகிறவரையோ பார்த்து நேராகக் கேளுங்கள்.

"அண்ணே, ஒரு குருவி பார்க்கணும். ஒரு மணி நேரம் இந்த மரத்தடியில உட்கார்ந்துக்கலாமா?"

"குருவியா? எந்தக் குருவி?"

இந்தக் கேள்வி வந்தால் காரியம் நடந்த மாதிரிதான். கைப்பேசியில் படத்தைக் காட்டுங்கள். நீள வால் படம் ஒன்றும் குட்டை வால் படம் ஒன்றும் வைத்திருங்கள். தினமும் அங்கேயே இருக்கிறவர் "இது தொட்டிப் பக்கம் சாயந்திரம் வரும்" என்று சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு வாரத்து அலைச்சல் மிச்சம். கீழக்கரைப் பக்கம் வயதில் மூத்தவரை 'காக்கா' என்று கூப்பிட்டுக் கேட்டால் முகம் மலர்ந்து பேசுவார்கள். மன்னார் வளைகுடாவில் இருக்கும் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது, இந்தப் பறவைக்காக அங்கே போகவும் தேவையில்லை.

உட்கார்ந்து காது கொடுப்பது

காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை எல்லாப் பறவைக்கும் நல்ல நேரம். ஆனால் இந்தப் பறவைக்கு வெயில் ஏறிய பிறகும் வாய்ப்பு உண்டு. வெளியே குருவிகள் அடங்கிவிடும் பத்து, பதினொரு மணிக்கும் அடர்ந்த நிழலுக்குள் இது வேட்டையைத் தொடரும்.

நடந்துகொண்டே தேடாதீர்கள். ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து, வெளிச்சம் உங்கள் பின்னாலிருந்து வரும்படி உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் தோப்பு அமைதியாகவே இருக்கும். அப்புறம் தவிட்டுக்குருவிகள் பேச ஆரம்பிக்கும், கதிர்க்குருவிகளும் தேன்சிட்டுகளும் கிளைக்குத் திரும்பும். சின்னப் பறவைகள் நாலைந்து வகை சேர்ந்து ஒரே திசையில் நகர்ந்தால் அந்தக் கூட்டத்தை விடாமல் பின்தொடருங்கள். அவை இலையைக் கிளறும்போது கிளம்பும் பூச்சியைப் பிடிக்க ஈப்பிடிப்பானும் கூடவே வருவது வழக்கம்.

குரல் தெரிந்துவிட்டால் வேலை சுலபம். குளிர்காலத்தில் இது பெரும்பாலும் பாடாது. கரகரப்பான, மூக்கடைத்த ஒரு "ச்சுவீக்", கொஞ்சம் இடைவெளி, மறுபடி "ச்சுவீக்". உருவத்தின் அழகுக்கும் இந்தக் குரலுக்கும் சம்பந்தமே இருக்காது. குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலியைப் பதிவு செய்ய விட்டு வைத்தால் உதவும். ஆனால் செயலி பெயரைக் காட்டியதும் பார்த்ததாக எழுதிவிடாதீர்கள். அது திசை காட்டும், அவ்வளவுதான். பறவையின் குரலை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு அழைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பல நூறு கிலோமீட்டர் பறந்து வந்து உடம்பைத் தேற்றிக்கொண்டிருக்கும் பறவையை வேறொரு பறவை வந்துவிட்டதாக ஏமாற்றிப் பதறவைப்பது கொடுமை.

தலையிலிருந்து வாலுக்கு

சரி, ஏதோ ஒன்று கிளைக்குக் கிளை தாவியது. இருநோக்கியை முகத்துக்குக் கொண்டுபோகும்போது கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காதீர்கள். பறவையைப் பார்த்தபடியே இருநோக்கியை உயர்த்துங்கள்.

முதலில் தலை. பளபளக்கும் கருப்பு, பக்கவாட்டு வெளிச்சத்தில் நீலம் ஓடும். உச்சியில் கொண்டை. பின்னோக்கிக் கூர்மையாக நீளும், குட்டை வால் பறவைக்கும் இது உண்டு. அடுத்தது கண். கண்ணைச் சுற்றி நீல நிறத் தோல் வளையம் இருக்கும். முதிர்ந்த ஆணுக்கு எடுப்பாகவும், பெண்ணுக்கு மங்கலாகவும் தெரியும். பத்து மீட்டருக்குள் இந்த நீல வளையத்தைப் பார்த்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. அலகு அகலமான அடிப்பாகம் கொண்டது, அதுவும் நீலம் கலந்த கருமை. அலகின் அடியில் மீசை முடி போன்ற கம்பிச் சிறகுகள் துருத்தி நிற்கும்.

மூன்றாவது தொண்டை. ஆணுக்குத் தலையின் கருமை தொண்டை முழுவதும் இறங்கி மார்பின் மேல் சட்டென்று நிற்கும். பெண்ணுக்குக் கருமை தலையின் மேல்பாகத்தோடு முடிந்து, தொண்டையும் கழுத்தும் சாம்பலாக இருக்கும். குட்டை வாலும் செம்பழுப்பு முதுகும் இருந்து தொண்டை முழுக்கக் கருப்பாக இருந்தால் அது வளர்ந்துவரும் ஆணாக இருக்கலாம்.

நான்காவது முதுகு. செம்பழுப்பா, வெள்ளையா? பெண்ணும் இளம் பறவையும் எப்போதும் செம்பழுப்புதான். ஆணில் இரண்டு நிறமும் உண்டு. வெள்ளை ஆண் என்றால் இறக்கையில் மெல்லிய கருங்கோடுகள் ஓடுவதைக் கவனியுங்கள். எல்லா நிறத்துக்கும் வயிறு வெள்ளையாகவோ சாம்பல் வெள்ளையாகவோ இருக்கும்.

கடைசியில் வால். உடல் நீளம் சுமார் 20 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட நம் வீட்டுப் பக்கத்துச் சின்னான் (புல்புல்) அளவு. முதிர்ந்த ஆணின் நடு வால் இறகுகள் இரண்டு மட்டும் 30 சென்டிமீட்டர் வரை நீளும். பறவை ஒரு பூச்சியின் மேல் பாய்ந்து வளைந்து திரும்பும்போது அந்த இரண்டும் காற்றில் அலையெழுப்பி, பறவை கிளையில் அமர்ந்த பிறகுதான் மெதுவாக வந்து தொங்கும். சில நேரம் ஒன்று உதிர்ந்து மற்றொன்று மட்டும் இருக்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

உட்காரும் விதமும் ஒரு அடையாளம். கால் குட்டை என்பதால் தரையில் நடந்து திரியாது. கிளையில் நிமிர்ந்து உட்காரும், தலையை இடமும் வலமும் சட்டுச் சட்டென்று திருப்பும், பாயும், இன்னொரு கிளைக்குப் போகும்.

ஏமாற்றும் பறவைகள்

அதிகம் ஏமாற்றுவது சின்னான். கருந்தலை, லேசான கொண்டை, அதே அளவு. நிழலில் நிற உணர்வு மங்கும்போது குழப்பும். வாலடியில் சிவப்பும், பறக்கும்போது வாலடிக்கு மேல் வெள்ளைத் திட்டும் தெரிந்தால் சின்னான். முதுகு தவிட்டு நிறத்தில் செதில் செதிலாக இருக்கும், செம்பழுப்பாக இருக்காது.

வால்காக்கையும் செம்பழுப்பு, அதற்கும் நீள வால். ஆனால் அது காக்கைக் குடும்பம், உருவமே பெரியது. வாலின் நுனி கருப்பு, கத்தினால் தோப்பே அதிரும். வெண்புருவ விசிறிவாலன் வாலை விசிறியாக விரித்து ஆடிக்கொண்டே இருக்கும், பட்டையான வெள்ளைப் புருவம் வேறெதற்கும் வராது.

பழுப்பு ஈப்பிடிப்பானும் இதே காலத்தில் இதே நிழலுக்கு வரும் விருந்தாளி. சுமார் 13 சென்டிமீட்டர், கொண்டை கிடையாது, மங்கிய சாம்பல் பழுப்பு நிறம், பெரிய கண், அதைச் சுற்றி வெள்ளை வளையம். ஒரு பூச்சியைப் பிடித்துவிட்டுப் பெரும்பாலும் அதே கிளைக்குத் திரும்பும். பார்வைக்கு எளிமையான இந்தப் பறவையையும் அலட்சியம் செய்யாதீர்கள். ஒரே கிளையில் அடிக்கடி வந்து உட்காருவதால் ஈப்பிடிப்பான் வேட்டையை நிதானமாகப் பார்த்துக் கற்க இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

தண்ணீர்த் தொட்டி ஓரம், சாயங்காலம்

காலையில் கிடைக்கவில்லை என்றால் நாலரை மணிக்குத் திரும்பி வாருங்கள். அரசவால் ஈப்பிடிப்பானுக்குக் குளியல் மிகவும் பிடிக்கும். பொழுது சாயும் நேரத்தில், நிழல் விழுந்த தொட்டிக்கோ வாய்க்கால் தேக்கத்துக்கோ மேலே தாழ்ந்த கிளையில் வந்து உட்காரும். சுற்றிலும் பார்க்கும். அப்புறம் கிளையிலிருந்து நேராகத் தண்ணீரில் விழுந்து, நெஞ்சு நனைந்ததும் எழும்பி, அதே கிளைக்கோ பக்கத்துக் கிளைக்கோ போய்ச் சிறகைக் கோதும். மறுபடி விழும். இப்படிப் பல தடவை. வேட்டையில் ஒரு நொடிகூட நிற்காத பறவை, இறகு கோதும்போது நிமிடக்கணக்கில் ஓரிடத்தில் இருக்கும். கண் வளையத்தையும் தொண்டையையும் ஆற அமரப் பார்க்க இதுதான் நேரம்.

தொட்டியிலிருந்து குறைந்தது பதினைந்து மீட்டர் தள்ளி உட்காருங்கள். நீங்கள் கிட்ட இருந்தால் அது குளிக்காமலே போய்விடும்.

படம் எடுக்கிறவர்களுக்கு

பிளாஷ் வேண்டாம். நிழலில் ஐஎஸ்ஓவைக் கூட்டி, ஷட்டர் வேகம் 1/500க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை ஆண் கிடைத்தால் எக்ஸ்போஷரை மைனஸ் 0.7 அளவுக்குக் குறையுங்கள். இருண்ட பின்னணியைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், வெள்ளை இறகின் நெளிவெல்லாம் அழிந்து வெறும் வெளுப்பாகிவிடும். முதலில் கண்ணால் பாருங்கள், தலை, தொண்டை, முதுகை மனதில் வாங்குங்கள், அப்புறம் கேமராவை எடுங்கள்.

எழுதி வைப்பது

கலையாத நினைவோடு அங்கேயே எழுதுங்கள். தேதி, நேரம், ஊர், எந்த மரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம், முதுகு நிறம், தொண்டை நிறம், வால் நீளம். 'ஆண்', 'பெண்' என்று மட்டும் எழுதினால் பின்னால் யாருக்கும் உதவாது. தொண்டையைச் சரியாகப் பார்க்கவில்லை என்றால் 'செம்பழுப்பு, குட்டை வால், பெண் அல்லது இளம் பறவை' என்று எழுதுங்கள். பிறகு, பறவை பார்த்தவர்களின் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் ஈபேர்ட் இணையதளத்தில் பட்டியலாக ஏற்றிவிடலாம். தை மாதத்தில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும் நாட்களில் உங்கள் தோப்பிலும் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பட்டியலிட்டால் அதுவும் கணக்கில் சேரும்.

நம் கரையில் பறவை ஆர்வலர்கள் பலர் தை, மாசியோடு தோப்புப் பக்கம் போவதை நிறுத்திவிடுகிறார்கள். பங்குனி, சித்திரை முதல் வாரங்களிலும் அதே தொட்டிக்குப் போய்ப் பாருங்கள். பறவை இருந்தால் கடைசியாகப் பார்த்த தேதியை எழுதுங்கள். இல்லாவிட்டால், எவ்வளவு நேரம் உட்கார்ந்தும் தென்படவில்லை என்பதையும் அந்தத் தேதியோடு எழுதுங்கள்.